ஏலமலைப் பூவும் இல்லறத்தார் நோன்பும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லச் செல்ல, வெயில் தணிந்து மரநிழலில் ஏலத்தோட்டங்கள் தொடங்கும். ஏலச்செடி பூப்பது உச்சியில் அன்று. தூரடியிலிருந்து கிளம்பும் சரங்களில். வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் இழையோடும் அச்சிறு பூ வைகறையில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடும். அந்த ஒரு பகலுக்குள் ஒரு தேனீ வந்தாக வேண்டும். சூல்முடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால், தன் பூவின் மகரந்தமேயாயினும் தானாக அங்குச் சென்று சேர்வது அரிது. தேனீ வந்த பூ காயாகும். வராத பூ பெரும்பாலும் வீணே உதிரும்.

ஓரறிவுயிராகிய ஒரு செடியின் குலம் தழைக்க இத்துணை ஏற்பாடு இருக்க, மனம் என்னும் பேறு பெற்ற மனிதன் தன் குலத்தை எவ்வாறு வளர்ப்பது, எங்கு நிறுத்துவது? குடும்பக் கட்டுப்பாடு கொல்லாமை அறத்துக்கு ஒத்ததா, மாறானதா? நம் இல்லங்களில் இளையோர் கேட்கத் தயங்குவதும், முதியோர் விடை கூறத் தயங்குவதுமான கேள்வி இது. தயக்கத்தை விடுத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் செடிகொடிகளைக் காண்போம். ஏலத்தைப் பெருக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, விதையிட்டு நாற்று வளர்ப்பது. மற்றொன்று, தூரிலிருந்து பக்கக்கன்றைக் கிழங்குடன் பிரித்து நடுவது. விதைவழி வந்த செடி தாயினின்று சற்று வேறுபடும். பக்கக்கன்றோ தாயின் மறுபடியே ஆகும். இடுக்கி மாவட்டத்து உழவர் ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்னும் வகை பக்கக்கன்றுகளின் வழியாகவே ஏலமலையெங்கும் பரவிற்று. ஆயின் தாய்ச்செடிக்குக் கட்டே நோய் இருப்பின் பக்கக்கன்றும் அதனைச் சுமந்தே பிறக்கும். விதையின் வழியே அந்நோய் செல்வதில்லை. மலையடிவாரத்திலோ வேறொரு காட்சி. அங்குள்ள இலவமரம் இலையுதிர்த்து இரவில் பூக்கிறது. அதன் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை வௌவால்கள்.

இவ்வேறுபாடுகளை நம் முன்னோர் கண்டறியாமல் இல்லை. நேமிசந்திரர் பத்தாம் நூற்றாண்டில் இயற்றிய கோம்மடசாரம், வேரில் தோன்றுவன, நுனியில் தோன்றுவன, கணுவில் தோன்றுவன, கிழங்கில் தோன்றுவன, தண்டில் தோன்றுவன, விதையில் தோன்றுவன எனத் தாவரங்களை வகுத்துக் கூறுகிறது. ஏலம் ஒன்றே இவற்றுள் இரு வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது காண்க.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் பிறப்பினைச் சம்மூர்ச்சனம், கருப்பம், உபபாதம் என மூன்றாகப் பகுக்கிறது. தாவரங்கள் சம்மூர்ச்சனப் பிறப்பின. ஆண், பெண் என்னும் வேதம் அற்றன என்பது நூற்கருத்து. ஜெர்மனி நாட்டுக் கமேராரியஸ் என்னும் அறிஞரோ 1694-இல், மகரந்தம் சேராமல் விதை உண்டாவதில்லை என்று ஆய்ந்து வெளியிட்டார். இஃது ஆகமத்துக்கு முரண் அன்றோ என்பர் சிலர். அறிவியல் கூறுவது, விதை என்னும் உடற்பொருள் உண்டாகும் முறையை. ஆகமம் ஆராய்வது, உயிர் தன் வினைக்கேற்ப உடலைப் பற்றும் முறையை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ள வேண்டுவதில்லை. நமக்கு வேண்டும் செய்தி வேறு. உணவு, அச்சம், புணர்ச்சி, பற்று என்னும் நால்வகை வேட்கை ஓரறிவுயிர்க்கும் உண்டு என்பது ஜினவறத்தின் கொள்கை. ஆனால் அதற்கு மனம் இல்லை. ஆதலின் இது தகும், இது தகாது எனத் தேர்ந்து விலக்கும் ஆற்றலும் இல்லை. மலர்ந்த பூ மலராதிருக்க எண்ண இயலாது.

விலங்குகளை நோக்குவோம். இம்மலைத் தொடரில் திரியும் யானை ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் கருச்சுமக்கும். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் செல்லும். மேகமலைச் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்கு ஒரு பேற்றில் ஒரு குட்டியே ஈனும். ஆலமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் ஆண்டுக்கு ஒரு குட்டியே. பாலூட்டும் காலத்தில் மீண்டும் கருத்தரிக்காதவாறு தாயின் உடலே பல விலங்குகளில் தடை செய்துகொள்கிறது.

இதைக் கண்டு, இயற்கையே நமக்கு அளவான குடும்பத்தைக் கற்பிக்கிறது என்று சிலர் எழுதுவர். அது முழு உண்மை அன்று. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஒன்றிரண்டே பிழைக்க விடும் மீனும் தவளையும் அதே இயற்கையில்தான் உள்ளன. கழுகினங்கள் சிலவற்றில் முதலில் பொரித்த குஞ்சு இளைய குஞ்சைக் கொத்திக் கொல்லத் தாய்ப்பறவை வாளா இருக்கும். எனவே இயற்கையைக் காட்டி மிகுதியாகப் பெறுதலையும் நிலைநாட்டலாம், குறைத்தலையும் நிலைநாட்டலாம், கொலையையுங்கூட நிலைநாட்டலாம். இயற்கையில் இருப்பதாலேயே ஒன்று அறமாகிவிடாது.

இதனை விளக்க நம் ஆகமங்களே நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றன. போகபூமியில் வாழ்வோர் தம் வாழ்நாளின் இறுதியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஒரே ஓர் இரட்டையைப் பெறுவர் என்று படிக்கிறோம். இதனினும் அளவான குடும்பம் ஏது? ஆயினும் போகபூமியில் நோன்பும் இல்லை, வீடுபேறும் இல்லை. ஏனெனில் அங்கு அளவு என்பது அமைப்பால் வந்தது. அடக்கத்தால் வந்தது அன்று. கன்மபூமியில் பிறந்த மனிதனுக்கோ யானையைப் போன்ற பருவக் கட்டும் இல்லை. போகபூமியாரைப் போன்ற பிறப்புக் கட்டும் இல்லை. இயற்கை கட்டாத இடத்தில் தன்னைத் தானே கட்டிக்கொள்ளுதலே விரதம். ஆகவே எத்தனை மக்கள் என்பதைவிட, எவ்வெண்ணத்துடன், எவ்வழியில், யாருடைய துன்பத்தின்மேல் அந்த எண்ணிக்கையை அடைந்தோம் என்பதே அறத்தின் கேள்வி ஆகிறது.

கருத்தடை கொலையாகுமா? பிறக்கவிருந்த உயிரொன்றைத் தடுத்தோமே என்று வருந்துவோர் உளர். ஜினவறத்தின்படி உயிர் அநாதி. பெற்றோர் அதனைப் படைப்பதில்லை. ஓர் உடலை நீத்த உயிர் சில சமயங்களுக்குள், அஃதாவது கண்ணிமைப்பினும் மிகச் சிறிய காலத்துக்குள், தன் வினைக்கேற்ற அடுத்த பிறவியை எய்திவிடும். நாம் கதவைத் திறக்கவில்லையே என்று எந்த உயிரும் வாயிலில் காத்து நிற்பதில்லை. ஆதலின் கரு உண்டாகாமல் தடுப்பது ஓர் உயிரைக் கொல்வதாகாது. அதற்காக அது விரதமாகிவிடும் என்றும் கொள்ளற்க. புணர்ச்சியில் கண்ணுக்குப் புலனாகாத பல உயிர்கள் மடிகின்றன என்று புருஷார்த்தசித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் எச்சரிக்கிறார். பின்விளைவு இல்லை என்ற துணிவில் வேட்கையைப் பெருக்கிக்கொள்பவன் கருத்தடைச் சாதனத்தால் பயன்பெற்றான் எனலாம். அடக்கம் பெற்றான் எனல் ஆகாது. தன் துணையில் நிறைவு கொண்டு, இருவரும் ஒத்த மனத்தோடு நாளும் அளவும் வகுத்து வாழ்வதே இல்லறத்தார்க்குரிய பிரமசரிய அணுவிரதம்.

கரு அமைந்தபின் நிலை முற்றிலும் வேறு. அங்கு ஓர் உயிர் உடல்கொண்டு வந்துவிட்டது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் சில சூழல்களில் இசைவு தருகிறது என்பதால் அச்செயல் இம்சை அன்று என்று ஆகிவிடாது; சட்டம் தண்டிக்காததை வினை கணக்கிடாமல் விடுவதில்லை. தாயின் உயிருக்கே இடர் நேரும்போது மருத்துவர் செய்வதும், வசதி கருதி வேண்டுமென்றே செய்வதும் ஒன்றல்ல. பின்னதே சங்கல்ப இம்சை. கருவுறாமல் காக்கும் முன்யோசனை இருப்பின் இக்கொடுந்தேர்வு நேராமல் தவிர்க்கலாம் என்பதே கருத்தடைக்குரிய நியாயம்.

இனி, பிறர் வற்புறுத்திச் செய்விப்பதைப் பற்றி ஒரு சொல். 1952-இல் அரசின் திட்டமாகவே குடும்பநலத்தைத் தொடங்கியது இந்தியா. நெருக்கடி நிலையின்போது அத்திட்டம் கொடுமையாக மாறிற்று. 1976-77 ஓராண்டில் மட்டும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களுள் ஏறத்தாழ 62 இலட்சம் பேர் ஆடவர். அவர்களுள் பலர் அச்சுறுத்தலால் உட்பட்டவர்கள். எண்ணிக்கை குறைந்தது, அறம் வளரவில்லை. அதன்பின் ஆடவர் அறவே ஒதுங்கிக்கொண்டனர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் மணமான மகளிருள் 37.9 விழுக்காட்டினர் தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டதாகக் கூறியவர்கள் 0.3 விழுக்காட்டினரே. வயிற்றைத் திறக்க வேண்டாத எளிய சிகிச்சை ஆடவர்க்குரியதாக இருந்தும் நிலை இது. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று, குனிந்த முதுகோடு ஏலக்காய் பறித்து, மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணின் மேலேயே இந்தச் சுமையும் ஏற்றப்படுகிறது. இருவர் வேட்கைக்கு ஒருவர் உடலே விலை தருமானால் அதனை அடக்கம் என்று எப்படிச் சொல்வது?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. மதுரைச் சீமையின் சில பகுதிகளில் பெண் சிசுக்கொலை நிகழ்வது 1980-களில் வெளிப்பட்டு நாட்டையே நாணச் செய்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர்த் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மக்கள் சிலரே போதும், ஆனால் அவருள் ஆண் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் கூடியபோது, அளவான குடும்பம் என்ற நல்ல சொல்லே கொலைக்கருவி ஆயிற்று.

இக்குற்றம் பிறருடையது என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கல்வியில் இந்தியச் சமயத்தார் அனைவருள்ளும் முன்னிற்பவர் ஜைனர். ஆயின் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்கு நம்மிடையே பெண் குழந்தைகள் 870 பேரே இருந்தனர், 2011-இல் 889. எறும்புக்கு வழிவிட்டு நடப்போம், இருட்டியபின் உண்ணமாட்டோம், கிழங்கை விலக்குவோம். காணாமற்போன அப்பெண் மகவுகளைப் பற்றிய கேள்வி நம் வாயிலிலும் வந்து நிற்கிறது. ஆதிபகவன் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். எண்ணும் எழுத்தும் மகளிர் வழியே உலகுக்கு வந்தன என்று நம்பும் நாம், மகள் பிறந்தால் முகம் வாடலாமா?

மற்றொன்றும் உண்டு. சொத்துப் பிரிந்துபோகும் என்று அஞ்சி மக்களைக் குறைப்பவர் சிலர். அது மிகுபொருள் விரும்பாமைக்கு நேர் எதிரானது. பொருட்பற்றே அங்கு அடக்கத்தின் வேடம் பூண்டு நிற்கிறது. ஒரே மகவைப் பெற்று அதற்கு அளவிறந்த செல்வம் தேடுபவனைவிட, மூவரைப் பெற்று உள்ளதைக் கொண்டு செம்மையாக வளர்ப்பவன் அணுவிரதத்துக்கு அணுக்கமானவன்.

தமிழகத்தில் ஜைனர் தொகை 2011-இல் ஏறத்தாழ 89,000. ஆகவே நாம் மிகுதியாகப் பெற வேண்டும் என்ற குரலும் கேட்கிறது. அவ்வச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும் ஒரு தாயின் உடலைச் சமூகத்தின் எண்ணிக்கைக்குக் கருவியாக்குதல் முறையன்று. குறைக்கச் சொல்லி வற்புறுத்துவதும், பெருக்கச் சொல்லி வற்புறுத்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில் ஒரு பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்தில் அச்சணந்தி முனிவரின் பெயர் அங்குக் காணப்படுகிறது. அம்முனிவர்களுக்கு மக்கள் இல்லை, மாணாக்கர் இருந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவர்தம் பெயர் நிலைத்திருப்பது குருதிவழியால் அன்று, ஒழுக்கத்தின் வழியால். ஜினவறம் கருப்பையின் வழியே தானாகச் சென்று சேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் கற்பித்தே சேர்க்க வேண்டும்.

ஆகவே இல்லறத்தீர்! ஒரு மகவாயினும் பலவாயினும், கணவனும் மனைவியும் கலந்து தெளிந்து ஏற்றதாக அது இருக்கட்டும். நோவைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தாதிருப்போம். வந்த உயிர் ஆணோ பெண்ணோ, வரவேற்போம். ஏலப்பூவுக்குத் தேர்வு இல்லை, நமக்கு உண்டு. அத்தேர்வை விழிப்போடு ஆளுதலே நம் நோன்பாகும்.