சாமி எந்த வகைப் பெயர்?

பெயர்ச்சொல்லின் வகைகளைத் தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பொருள், இடம், காலம், சினை வரைக்கும் வகுப்பு ஓட்டமாக ஓடும். பால்வாளி பொருட்பெயர். யட்டியாந்தோட்டை இடப்பெயர். மாசி காலப்பெயர். கிளை சினைப்பெயர். பண்புப்பெயருக்கு வந்ததும் நின்றுவிடும். "கண்ணுக்குத் தெரியாதது, கையில் பிடிபடாதது" என்று பொதுவாக ஒரு விளக்கம் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "அப்ப சாமி, டீச்சர்? சாமி பண்புப்பெயரா?"

வகுப்பு இரண்டு கட்சியானது. சாமியைக் குளிப்பாட்டுகிறோம், பொட்டு வைக்கிறோம், திருவிழாவில் தேரில் ஏற்றுகிறோம், அதனால் பொருட்பெயர்தான் என்றது ஒரு கட்சி. அது சிலை, சாமி வேறே என்றது மற்றது. தமிழும் சைவநெறியும் ஒரே ஆசிரியை படிப்பிக்கிற ஆரம்ப வகுப்பில் இரண்டு பாடமும் இப்படி முட்டிக்கொள்வதை நான் விரும்புகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அதற்கு வரவேண்டும்.

முதலில் அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட வேண்டும். அது ஆங்கில இலக்கணத்திலிருந்து வந்து நம் பாடத்தில் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்தில் நிறமும் வடிவமும் சுவையும்கூடப் பண்புகள்தாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் 'குணம்' என்று வகுத்தது இவற்றையும் சேர்த்துத்தான். செம்மை, வட்டம், கசப்பு எல்லாம் பண்புப்பெயர். சிவப்பைக் கண் பார்க்கிறது. கசப்பை நாக்கு அறிகிறது. தெரியாமல் இருப்பது அதன் அடையாளம் என்றால் இவை எங்கே போகும்? பண்பைப் பார்க்கலாம், பிரித்தெடுக்கத்தான் முடியாது. செவ்வரத்தம்பூவைப் பறிக்கலாம், அதன் சிவப்பை மட்டும் பறிக்க முடியாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பூவைக் கொண்டுவந்து சிவப்பைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பறிக்க முடியாத அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இந்த மண்டலத்துச் சமயங்கள் எல்லாம் சண்டையிட்டிருக்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் அதன் நாயகி சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போகும்போது, வைசேடிகன் பொருள், குணம், கருமம் என்று தொடங்கும் ஆறு வகையை அடுக்குகிறான். அவன் வழியில் குணம் வேறு, குணத்தை உடைய குணி வேறு. சமவாயம் என்ற உறவு இரண்டையும் இணைக்கிறது. சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. குணமும் குணியும் சொல்லில்தான் இரண்டு, இருப்பில் ஒன்று, அந்த உறவு தாதான்மியம் என்கிறது. பௌத்தமோ குணி என்று தனியாக ஒன்று கிடையாது என்றது. மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போன கதையை, எங்கள் பிள்ளைகளின் சிங்களச் சிநேகிதர்களும் ஒருநாள் படிப்பார்கள்.

இது பெரியவர்களின் வாதம், பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைக்கு வேண்டாம். படிப்பிக்கிறவருக்கு வேண்டும். குணம் தனியாக நிற்கும் என்று நினைத்தால் அன்பு, பொறுமை, நேர்மை என்று வர்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பாடம் முடிந்தது என்று இருந்துவிடலாம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து புள்ளி வாங்குவார்கள். குணம் ஒருவரை விட்டு நிற்காது என்று நம்பினால் அப்படிச் செய்ய மனம் வராது. நான் சித்தாந்தத்தின் பக்கம். அதனால் பண்புப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதை யாரிடம் பார்த்தாய்?

பொறுமைக்கு ஒரு பையன் சொன்னான்: "எங்கம்மா பால் வெட்டுறப்ப பேச மாட்டாங்க டீச்சர்." றப்பர் தோட்டம் தெரியாதவர்களுக்கு இது ஒரு பதிலாகவே தோன்றாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குப் போகவேண்டும், சூடு ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். நேற்று வெட்டிய கோட்டின் ஓரத்தில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கவேண்டும். பால் நிறைய இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், கட்டைக்கு மிக அருகில். ஆகவே கத்தி ஆழமாகப் போகவும் வேண்டும், கட்டையைத் தொடவும் கூடாது. தொட்டுவிட்டால் மரத்தில் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, கங்காணியின் ஏச்சு வேறு. இப்படி ஒரு மரம் இல்லை, 250, 300 மரம். அட்டைக்கடி, வழுக்கும் சரிவு, சிரட்டையை நிமிர்த்திவைத்து அடுத்த மரம். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான், அந்த மௌனம் எனக்குத் தெரியும். அவன் அம்மாவின் மணிக்கட்டில் இருக்கிறது பொறுமை. அதை மரத்திலிருந்தும் பிரிக்க முடியாது, அம்மாவிடமிருந்தும் பிரிக்க முடியாது.

உருவமற்ற கருத்துகளைக் கொண்டு சிந்திப்பது பிள்ளைகளுக்குப் பதினொரு வயதளவில்தான் கைவரும் என்றார் சுவிட்சர்லாந்தின் பியாஜே. ஆசிரிய கலாசாலையில் எல்லோரும் அவரைப் படிக்கிறோம். தனித்து நிற்கும் கருத்தைப் பற்றி அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயத்தில் வளரும் பிள்ளைக்கு அநியாயம் என்றால் என்னவென்று ஏழு வயதில் தெரியும். அப்பா விடிய வேலைக்குப் போனார், மழை வந்தது, கணக்கில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழுந்தது. அன்று இரவு காம்பராவில் நடக்கும் பேச்சு முழுவதும் நியாயத்தைப் பற்றியதுதான். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: நியாயம் என்றால் யோசிக்கும் பிள்ளை, அநியாயம் என்றால் உடனே கை தூக்கும். கடன், பயம், இல்லாமை எல்லாம் அப்படித்தான். வைசேடிகர்கள் பிற்காலத்தில் தங்கள் ஆறு வகையோடு ஏழாவதாக அபாவத்தைச் சேர்த்தார்கள். இல்லாமையும் அறியப்படுகிற ஒன்று என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் நான் அவர்களோடு முழுமனதாக உடன்படுகிறேன்.

ஏனென்றால் எங்கள் தாத்தா பாட்டிமார் அப்படி ஒரு இல்லாமைக்குள் வாழ்ந்தவர்கள். குடியுரிமை என்ற பண்புப்பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது என் கை கொஞ்சம் நிதானிக்கும். 1948ஆம் ஆண்டின் சட்டம் அதை மலையகத் தமிழரான எங்கள் மக்களிடமிருந்து எடுத்தது. குணத்தைக் குணியிடமிருந்து பறிக்க முடியாது என்கிறோம். ஒரு சட்டத்தால் முடிந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைத்தது. 1948இல் பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் கலாநிதி என்.எம். பெரேரா ஒருவர். பிற்காலத்தில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். தம் கட்சியின் பெயரிலேயே சமத்துவத்தை வைத்துக்கொண்டவர். சமத்துவத்தை யாரிடம் பார்த்தாய் என்று பிள்ளைகளிடம் கேட்டால் அவர் பெயரை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களாகச் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அந்தச் சட்டம் பறித்தது எங்களுக்குள் இருந்த ஒன்றையா, இன்னொருவர் எங்களுக்குத் தரவேண்டிய மதிப்பையா? இரண்டாவது என்றே நினைக்கிறேன். இந்த மலையைக் கொத்திப் பாதை போட்டவர்கள் இந்த மண்ணுக்குரியவர்கள் என்பது 1948இலும் மாறவில்லை. மற்றவர் அதை ஒப்புக்கொள்வதுதான் நின்றுபோனது.

இனிச் சாமிக்கு வருகிறேன். மலையகத் தோட்டங்களில் மாசியில் காமனை ஊன்றி, ரதியும் மதனும் வேடமிட்டு ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரிப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். எரிந்தபின் மதனுக்கு உடம்பு இல்லை, ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான். அவன் வேலையோ உலகத்தில் நிற்கவில்லை. ஆசை என்ற பண்புக்கு நம் பெரியவர்கள் சில நாள் உடம்பு கொடுத்து, பெயர் கொடுத்து, ஒப்பாரியும் பாடி, பிறகு உடம்பை எடுத்துவிடுகிறார்கள். இதைவிட நல்ல இலக்கணப் பாடம் எனக்குத் தெரியாது. வகுப்பில் இதைச் சொன்னதும் முதல் கேள்வி கேட்ட பிள்ளை, "அப்ப காமன் ரெண்டும்தானே டீச்சர்" என்றாள்.

காமனுக்கு அது சரி. சாமிக்கு? வள்ளுவர் இறைவனை எட்டுக் குணம் உடையவன் என்றார், அந்த எட்டு எவை என்று சொல்லவில்லை. பரிமேலழகர் சைவாகமத்தின்படி அவற்றை வரிசைப்படுத்தினார்: தன்வயத்தன் ஆதல், முற்றும் உணர்தல், பேரருள் உடைமை என்று போகும். ஒன்றுகூடத் தனியாக நிற்கும் குணம் இல்லை. எல்லாம் ஒருவர் ஆவதும் உணர்வதும் உடையவராக இருப்பதும்தான். நமக்கு ஒரு குணம் வரும், போகும். பொறுமையான அம்மாவுக்கும் ஒருநாள் பொறுமை அறும். இறைவனிடம் அருள் அப்படி வந்து போவதில்லை, அருளே அவன் சக்தி, சக்தியை விட்டு அவன் இல்லை என்கிறது சித்தாந்தம். ஆகவே பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: சாமி பொருட்பெயரும் ஆகும், பண்புப்பெயரும் ஆகும், அங்கே மட்டும் இரண்டும் பிரிவதில்லை. பரீட்சையில் கேட்டால் என்ன எழுதுவது என்று ஒருவன் கேட்டான். கேட்கமாட்டார்கள் என்றேன்.

அவள் விடவில்லை. "அருளை யாருகிட்ட பாத்தீங்க டீச்சர்?" என்று என் கேள்வியை என்னிடமே கேட்டாள்.

2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியபோது, மழைக்குள் இறங்கி மண்ணை அள்ளியவர்களைப் பற்றிச் சொன்னேன். தாங்கள் அறியாத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தோண்டினார்கள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் மண்ணைச் சரிய விட்டது யார் என்று கேட்டாள். சரிவான மலையில், காடு அழித்த இடத்தில், லயத்தை எங்கே கட்டுவதென்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள் என்று அவளுக்குச் சொன்னேன். சரியான பதில்தான், ஆனால் அவள் கேட்டதற்குப் பாதிப் பதில். மழையும் பெய்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது என்று அவள் அடுத்த ஆண்டு தரம் ஆறில் யாரிடமாவது கேட்பாள். கேட்கவேண்டும்.