செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

இலவசக் கல்வியாற் கற்று வைத்தியராகவோ தாதியாகவோ ஆன ஒருவர், கற்பித்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்கு உழைக்கச் செல்வது அறமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது இலங்கையெங்கும் எழுந்த இக்கேள்வி களுதாவளையிலும் எழுந்தது. ஆசிரியர் அறையிற் பேசினோம். வெற்றிலைத் தோட்டத்து வேலியோரத்திலும் பேசக் கேட்டோம். பெரும்பாலும் விடை ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: நன்றிகேடு.

'கர்ணன் போர்' கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இவ்வாறு தீர்ப்புச் சொல்வது எளிது. துரியோதனன் இட்ட சோற்றுக்காக உயிரையே கொடுத்தவனுக்காக நம் தாய்மார் களரியோரத்திற் கண்ணீர் சிந்தியிருக்கிறார்கள். ஆனால் அக்கதையிற் சோறிட்டவன் யார் என்பதில் ஐயமில்லை. நம் வைத்தியர் உண்ட சோறு யாருடையது? 1945 முதல் வழங்கப்பட்டுவரும் இலவசக் கல்விக்கான பணம் எந்த அமைச்சரின் மடியிலிருந்தும் வந்ததன்று. வருமானவரி கட்டுமளவுக்கு வருமானமில்லாத வெற்றிலைச் செய்கையாளனும், கடையில் வாங்கும் பொருளின் விலையோடு விலையாக வரி செலுத்தியே வருகிறான். அவனுடைய பிள்ளைக்கு நோய் வந்தால் அவன் நம்பியிருப்பது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையை. அங்கு இயலாதெனில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை. ஆகவே கடன் உண்டு. தனிமனித உரிமை என்ற ஒரு சொல்லைச் சொல்லி அக்கடனை இல்லையென்று ஆக்கிவிட நாம் உடன்படோம்.

எனினும் கடன் கொடுத்தோர் மக்கள். அதைக் கேட்டு வாசலில் வந்து நிற்பது அரசு. இவ்விருவரையும் ஒருவரெனக் கொள்வதிலேதான் நம் குழப்பமெல்லாம் தொடங்குகிறது.

அரசு இவ்விடயத்தில் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் கட்டாய அரசசேவைச் சட்டம், குறிப்பிட்ட பிரிவுப் பட்டதாரிகள் ஐந்தாண்டு அரசசேவை செய்யவேண்டுமென விதித்தது. அது கடுமையானதாயினும் அதற்கொரு நியாயம் இருந்தது. 2022 ஜூனில் வெளிவந்த சுற்றறிக்கையோ, அரச ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு சென்று உழைக்கலாம், மூப்புரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் வராது என்றது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது. சம்பளச் செலவும் குறையவேண்டியிருந்தது. அதே ஆண்டில், 65 வரை உயர்த்திய ஓய்வுவயதை மீண்டும் 60 ஆக்கத் தீர்மானித்தார்கள். வைத்திய நிபுணர்கள் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். ஒரு கையால் வழியனுப்பிவிட்டு மறுகையால் நன்றிகெட்டவர்களென்று சுட்டுவது எவ்வகை அறம்?

இப்பிரச்சினை நேற்று முளைத்ததன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் தேடி அயலூர்களுக்குச் சென்றனர். ஊர்கள் வைத்தியரின்றியே கிடந்தன. 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கலானார், நூல்களையும் தமிழாக்கினார். தமிழிற் கற்றோர் தம் ஊரிலேயே தங்குவர் என்பது அவருடைய எண்ணங்களுள் ஒன்று. தமிழ்மொழி அவருக்குப் பெரிதும் கடன்பட்டுள்ளது. ஆயினும், தமிழைக் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒருவர் விரும்பித் தங்குவது வேறு, வெளியே செல்லாதபடி அவருடைய கல்வியை அமைப்பது வேறு. நம் மொழி ஏழையின் வாசலில் இடப்பட்ட தாழாக வேண்டுமா?

செல்வோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் தங்கியவரை மறந்துவிடுகிறோம். ஒரு தாதி சென்றபின் அவருடைய கட்டில்களையும் சேர்த்துப் பார்ப்பவர் அடுத்த வாட்டுத் தாதி. கடல்கடந்து செல்லும் வாய்ப்பு எட்டாத சிற்றூழியர், நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றவும் கழிவைத் துடைக்கவும் எஞ்சுகின்றார். 2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கான கொடுப்பனவொன்று 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டது. தமக்கும் அதனைக் கேட்டு, ஏனைய சுகாதார ஊழியரின் 72 தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். வைத்தியருக்குக் கொடுத்தது தவறென நாம் சொல்லவில்லை. வெளியேறும் வல்லமை உள்ளவருக்கு ஊதியம், இல்லாதவருக்குச் சிப்பாய் என்ற கணக்கையே தவறென்கிறோம். தங்குவதற்குத் தண்டனை இதுவென்றால், தங்குங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதும் இதுவே: “போறது பிழையா, சேர்?” பிழை, சரி என்று ஒரு சொல்லில் விடை சொல்ல நாம் மறுக்கிறோம். நீ போனால் உன் வேலை யார் தலையில் விழும், அவருக்கு என்ன கூலி கிடைக்கும் என்று முதலிற் கேட்டு வா என்கிறோம். களுவாஞ்சிகுடி தொலைவிலில்லை, சைக்கிளிலேயே போய் வரலாம்.