முளைத்த கோதுமையும் சீலமும்

டில்லி மாநகரத்து மோதி பாக் பகுதியில், அரசாங்க ஊழியத்தின் பொருட்டுக் குடியேறிய தமிழர் இல்லங்களில், அரிசியோடு கோதுமையும் அன்றாட உணவாயிற்று. முழுக் கோதுமையை வாங்கிக் கல் நீக்கிச் சக்கியில் அரைப்பித்துக்கொள்வது அந்நகரத்தில் பழகிய வழக்கம். அரைப்பதற்கு முன் ஒரு படி கோதுமையை எடுத்து மூன்று பங்காக்கினோம் என்க. ஒரு பங்கு இரவெல்லாம் ஊறி, மறுநாள் கஞ்சியாகிறது. மற்றொன்று ஈரத்துணியில் கட்டுண்டு, இரண்டு நாளில் வெண்முளை விடுகிறது. மூன்றாம் பங்கு தொட்டி மண்ணில் தூவப்பெற்று, பத்து நாளில் பசும்பயிராய் நிற்கிறது.

இதனைக் கண்ட உபாசிகை ஒருவர், “ஐயா, வெந்த மணியை உண்பதில் எனக்கு ஐயமில்லை. நாமே நீர் வார்த்து எழுப்பிய முளையை நாமே மென்று தின்பது கொலையாகாதா?” என்று வினவுவாராயின், அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று.

முதற்கண் மணியின் இயல்பை நோக்குவோம். உலர்ந்த கோதுமை உயிரற்ற பொருளன்று, உறங்கும் வித்து. தவிட்டினுள்ளே மாவும், அதன் ஓரத்தில் கருவும் உள்ளன. நீர் புகுந்ததும் கரு ஒரு சுரப்பினை விடுக்கிறது. மாவைச் சூழ்ந்த படலம் அதனால் தூண்டப்பெற்று நொதிகளைச் சுரக்கிறது. மாவு சர்க்கரையாக மாறுகிறது. முளை இனிப்பது இதனால்தான். ஆகவே கஞ்சிக்கென வெந்த மணியும் விழித்தெழவல்ல வித்தாகவே இருந்தது. நம்மைக் கலங்கச் செய்வது உயிரின் இருப்பன்று. அதன் அசைவு கண்ணிற் படுவதே.

இனி, விநயம் கூறுவது யாது? பிக்ஷுக்கள் பச்சைத் தானியத்தை ஏற்பதில்லை. அத்தானியங்களுள் கோதுமையும் ஒன்று. வித்தையும் பயிரையும் அழிப்பது அவர்களுக்கு விலக்கு. ஆளவி நகரத்தில் பிக்ஷுக்கள் மரம் வெட்டியபோது, ஓரறிவுயிரை வதைக்கின்றனர் என்று மக்கள் பழித்தமையால் அவ்விதி எழுந்தது. இல்லறத்தார்க்குரிய முதற்சீலமோ மூச்சுடைய பிராணிகளைப் பற்றியது. ஆதலின் முளையை உண்பது கொலையன்று.

எனினும், “கொலையன்று” என்பதோடு நின்றுவிட்டால் உபாசிகையின் இரக்கம் பயனற்றுப் போகும். செயலின் வேர் சித்தத்தில் உள்ளது என்பது பகவான் போதனை. அளவின்றி ஊறவைத்து, டில்லியின் மே மாத வெம்மையில் புளித்து நாறியபின் குப்பையிற் கொட்டுவது வித்தை இகழ்வதாகும். விதைப்பதற்கென நச்சு மருந்து பூசி விற்கும் கோதுமையை ஆராயாமல் முளைகட்டுவது, உண்போர்க்குத் தீங்கிழைப்பதாகும். முளை வளரும் ஈரவெப்பத்தில் கிருமியும் வளருமாதலால், குழவியர்க்கும் கருவுற்றோர்க்கும் அதனை வேகவைத்தே அளித்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கோதுமைப்புல் சாறு சகல நோயையும் தீர்க்கும் என்று பலர் பறைசாற்றுகின்றனர். முளைவிட்டால் கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்க்கும் தீங்கில்லை என்பாரும் உளர். இவை மெய்யல்ல, முளையிலும் அப்புரதம் எஞ்சியிருக்கும். இவற்றை நம்பி மருத்துவத்தைக் கைவிட்டவர் துயருறுவர். முதற்சீலம் கெடுமோ என்று அஞ்சும் நாம், இத்தகைய சொற்களால் பொய்யாமையென்னும் நான்காம் சீலம் கெடுவதைக் கவனிக்கிறோமா?

தொட்டியிலுள்ள பயிரும் நமக்கொரு பாடம். வித்து, மண், நீர், வெம்மை, பருவம் ஆகியவை கூடியே முளை தோன்றுகிறது. இவற்றுள் எதுவும் “நானே ஆக்கினேன்” என்று எண்ணுவதில்லை. சாலிஸ்தம்ப சூத்திரம் சார்பிற்றோற்றத்தை நெல்முளையைக் கொண்டு விளக்குவது இதுபற்றியே. முளையை நாமே எழுப்பினோம் என்னும் உபாசிகையின் எண்ணமும் இவ்விடத்தில் தளரும். நாம் வார்த்த நீர் பல காரணங்களுள் ஒன்றே.

ஆகவே அம்மையார் அச்சமின்றி உண்ணலாம். உண்ணுமளவே ஊறவைத்து, மிகுந்ததை அண்டை வீட்டார்க்குப் பகிர்ந்து, அறிந்ததை மட்டும் பிறர்க்குக் கூறுவாராக. அவர்தம் இரக்கத்திற்கு அதுவே தக்க வழி.