பெற்றவளின் பங்கு

சாவு வீட்டில் சொத்துப் பேச்சு எழும்போது முதலில் மறந்துபோவது பெற்ற தாயைத்தான். மனைவி, பிள்ளைகள், அத்தோடு கணக்கு முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. தகப்பனுக்குக்கூட அந்த முதல் வரிசையில் இடமில்லை. முஸ்லிம் குடும்பங்களில், பிள்ளைகளை விட்டு மகன் இறந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று என்று மார்க்கமே வகுத்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மட்டும், இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றும் கிடையாது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டுமாவடியில் என் சின்னய்யா இறந்தபோது மிஞ்சியவை ஒரு பைபர் படகு, வலைகள், 2018 கஜா புயலுக்குத் தப்பிய தென்னைகளோடு ஒரு துண்டு நிலம், வங்கியில் கொஞ்சம் பணம். கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். பெரிய தொகையோ தகராறோ இருந்தால்தான் வங்கிப் பணத்துக்கு நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள். இங்கே தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. அதில் அவரைப் பெற்ற என் அப்பத்தாவின் பெயரும் இருந்தது.

"அதுக்குச் சோறு போடத்தானே போறோம், பங்கு எதுக்கு?" என்றார் உறவுக்காரர் ஒருவர். கருமாதி முடிந்த சூட்டோடு, அப்பத்தா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் தயாரானது. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அப்பத்தா தன் பங்கை வைத்துக்கொண்டே கண்மூடினால், அது அவள் மகள்களான என் அத்தைமார்களுக்கும் போகும். கட்டிக்கொடுத்த பெண்கள் அந்த வாசலுக்கு மறுபடி உரிமையோடு வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கிழவியின் பெருவிரலில் மை தடவினார்கள்.

"எம்மவனே போயிட்டான், எனக்கெதுக்குய்யா இதெல்லாம்" என்று அவள் கைநாட்டு வைத்தாள். அதை விட்டுக்கொடுத்தல் என்று ஊர் மெச்சியது. எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள்தானே கொடுக்க முடியும்? அவளுக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவள் எப்படியும் கொடுத்திருப்பாள். கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் வாயால் சொல்லிக் கொடுத்திருப்பாள். அந்தப் பெருமையையும் சேர்த்தல்லவா எழுதி வாங்கிவிட்டோம்? சோறு கிடைக்கிறது, உண்மைதான். உரிமைக்காரியாக உட்கார்ந்து சாப்பிடுவதும், போட்டதைச் சாப்பிடுவதும் ஒன்றாகிவிடுமா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பத்திரம் எழுத நேரலாம். அவசரப்படாதீர்கள். பெற்றவளிடம் அவள் பங்கு இன்னது, அதன் மதிப்பு இவ்வளவு என்று வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகும் அவள் கொடுப்பதாகச் சொன்னால், கடைசிவரை அவளைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த வரி இருந்தால், சோறு போட மறுக்கிறவர்களிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.