சத்தியம் போதுமா?

எங்கள் பங்கில் தச்சுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் உண்டு. அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே அவரைப் பற்றி எழுதுகிறேன். ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று திருப்பலி முடிந்ததும் பீடத்தருகே வருவார். சிலுவையைத் தொட்டு, "இனிக் குடிக்க மாட்டேன், சாமி" என்று சத்தியம் செய்வார். தவக்காலம் முழுவதும் சொல் தவறமாட்டார். உயிர்ப்பு ஞாயிறு மாலையில் தெருவோரம் கிடப்பார். நான்காம் ஆண்டு நான் பொறுமை இழந்து, "கடவுளோடு விளையாடுகிறீர்களா?" என்று கடிந்துகொண்டேன்.

மறுநாள் அவர் மனைவி பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, இனிமே அவருகிட்ட சத்தியம் வாங்காதீங்க. பாதிக் குடி ஆசையில குடிக்கிறாரு; மீதிக் குடி, சத்தியம் முறிஞ்ச வெட்கத்துல குடிக்கிறாரு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குடி பாவமா, நோயா? முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்று குருமடத்தில் படித்தோம். ஆழ வேரூன்றிய பழக்கம் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை 1992-இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்கிறது. குடிக்கு அடிமையாதலை நோய் என்கிறது மருத்துவம். ஆயினும் நோய் என்று சொல்லி முடித்துவிட்டால், பசித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுப்பவர் யார்? பாவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், எழ முடியாதவரை எழுந்திரு என்று அதட்டுவதைத் தவிர நாம் செய்தது என்ன?

இந்தக் குழப்பத்தோடு அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஒருவரை அணுகினேன். அவர் இரண்டு செய்திகள் சொன்னார். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்யக்கூடாது. நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். அதன்பின் அவருக்குத் துணைவர்கள் வேண்டும். துணைவர்களைக் காண ஏ.ஏ. எனப்படும் பெயர் வெளியிடாத குடிநோயாளிகளின் கூட்டத்துக்கு வழிகாட்டினார். அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில், வேறொரு பங்கின் மறைக்கல்வி அறையில், புதன்கிழமைதோறும் அது கூடிவந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இவ்வியக்கம் 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றியது. தொழில் நிமித்தம் அங்கு வந்திருந்த பில் வில்சன், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியோடு பேசத் தேடினார். விடுதியிலிருந்து போதகர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் தந்த பெயர்களின் வழியே அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைக் கண்டடைந்தார். உதவி செய்யப் போனவரே உதவி பெற்றார். இது எச்சமயத்தையும் சார்ந்ததன்று. எனினும் 1939 முதல் அந்நகரின் தூய தோமா மருத்துவமனையில், சகோதரி இக்னேஷியா டாக்டர் பாபுடன் இணைந்து குடிநோயாளிகளைப் பராமரித்ததை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

மருத்துவம் முடிந்தபின் அவரை அழைத்துச் சென்றேன். வெளியாரும் அமரக்கூடிய கூட்டம் அது. பத்துப் பன்னிரண்டு பேர், மரப்பெஞ்சுகள், தேநீர். கட்டணமில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. ஆயுள் முழுவதற்கும் எவரும் சத்தியம் செய்யவில்லை; இன்று ஒரு நாள் குடியாமலிருப்பதே அவர்கள் முயற்சி. நான் மனத்துக்குள் ஒரு சிற்றுரை ஆயத்தம் செய்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடியும் தறுவாயில் நம் அன்பரும் தம் பெயரைச் சொன்னார். அந்தச் சொல்லையும் சொன்னார். அவர் தலை குனிந்திருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிலுவையைத் தொட்டு அவர் சொன்னது, தம்மிடம் இல்லாத வலிமையை உண்டு என்றது. இங்கே சொன்னது உண்மை. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல் தவித்ததைத் தூய பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரத்தில் மறைக்கவில்லையே! நோய் மனிதனின் பொறுப்பை அழிப்பதில்லை; அதன் இடத்தை மாற்றுகிறது. உள்ளே எழும் தாகத்துக்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் புதன்கிழமை பேருந்தில் ஏறுவது அவரால் இயலும். இயன்றதற்கு அவர் பொறுப்பாளியே.

அப்படியானால் ஒப்புரவு அருட்சாதனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். முடக்குவாதமுற்றவரின் பாவத்தை மன்னித்தவர் இயேசுவே. ஆனால் அவரிடம் கொண்டுசேர்க்க நான்கு பேர் தேவைப்பட்டனர். கூரையையும் பிரிக்க வேண்டியிருந்தது. மன்னிப்பு இறைவனின் கொடை. சுமப்பது நம் கடமை.

ஐந்தாம் மாதம் அவர் மீண்டும் விழுந்தார். முன்பென்றால் மாதக்கணக்கில் கோவில் பக்கமே வரமாட்டார். இம்முறை அடுத்த புதனன்றே கூட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவியும் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குச் செல்லத் தொடங்கினார்.

கடந்த சாம்பல் புதனன்று அவர் பீடத்தருகே வந்தார். நான் சிலுவையை நீட்டவில்லை. "இன்று கூட்டத்துக்குப் போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன். "போறேன் சாமி. நம்ம தெருவுல இருந்து இன்னொருத்தரும் வர்றாரு" என்றார்.

அன்பர்களே, நம் பங்கிலும் மாலையில் பூட்டிக்கிடக்கும் அறைகள் உண்டு. சத்தியம் கேட்பதை விட்டு, அவற்றுள் ஒன்றின் கதவைத் திறந்து வைப்போமா?