யாருடைய பிள்ளை?

கேரளத்தின் வல்லார்பாடம் மாதா கோயிலில் குழந்தைகளை மாதாவுக்கு ஒப்புக்கொடுத்து 'அடிமை' வைப்பார்கள். 1752இல் காயலில் படகு கவிழ்ந்து, கைக்குழந்தையோடு உயிர்மீண்ட மீனாட்சியம்மாவிடமிருந்து வந்த வழக்கம் என்பது ஊர் மரபு. 'நீ மாதாவின் பிள்ளை' என்று கேட்டே அடிமை வைத்த குழந்தை வளரும். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல யார் உண்டு? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டைத் தருகிறது. இரண்டு ஆண்டுகள் வளர்த்தவர்கள் தத்தெடுக்கவும் இப்போது வழி உண்டு. இல்லையேல் 18 வயதோடு அந்த ஏற்பாடு முடிந்துவிடும். பெற்றவர்கள் யார், சொந்த ஊர் எது என்று பிள்ளை கேட்டால் அதை நன்றிகெட்டத்தனமாக எண்ணாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். 18 முடிந்த பிறகும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.