விரல் நுனி

புனேயில் நித்தியகல்யாணிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குடியிருப்பு வாசலில், மதில் இடுக்கில், கோயில் ஓரத்தில் தானாக முளைத்துப் பூத்து நிற்கிறது. இங்கே சதாஃபுலி என்பார்கள். ஆடு மாடு வாய் வைக்காது. இலை அவ்வளவு கசப்பு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவின் நரம்பில் ஏறும் வின்கிரிஸ்டின், இந்த இலைக்குள் இருப்பதுதான். அவளுக்கு வந்திருப்பது நிணநீர்க் கணுக்களில் வரும் லிம்ஃபோமா. செடியைக் கடக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது. கொஞ்சம் விலகி நடக்கவும் தோன்றுகிறது.

*

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இந்த இலையை எடுத்துக்கொண்டது சர்க்கரை நோய்க்காக. ஜமைக்காவில் மக்கள் அதற்காகக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது ஆகுமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. முதலில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் பின் வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி.

இன்று பக்கவிளைவு என்று நாம் அஞ்சுகிற ஒன்றுதான் அன்று இந்த மருந்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அக்காவின் வெள்ளணு குறைவதில் உடன் ஏற்றும் மற்ற மருந்துகளுக்கே பங்கு அதிகம் என்று தெரியும். ஆனாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிரிக்கும்போது அந்த எலிகளின் நினைவு வந்துவிடுகிறது.

*

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாஷானில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1950இல் திறந்தது. வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் இந்தியாவிலேயே தயாரிக்க 1984இல் சிப்லா நிறுவனம் வழி கண்டது இந்த ஆய்வகத்தோடு சேர்ந்துதான். டன் கணக்கில் உலர்ந்த இலை போனால் கிராம் கணக்கில் மருந்து. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். எந்த ஊர் வெயிலில் காய்ந்த இலையோ, யார் அறுத்ததோ.

*

வின்கிரிஸ்டின் செய்வது ஒரே காரியம். செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நுண்ணிய இழைகள் கட்டப்பட வேண்டும். அவற்றைக் கட்டவிடாமல் இது தடுக்கிறது; பிரிய முடியாத செல் செத்துப்போகிறது. ஆனால் நரம்புக்கும் அதே இழைகள் வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை நீளும் நரம்புக்கு, வேண்டியதெல்லாம் அந்த இழைகளின் வழியேதான் போய்ச் சேருகிறது. பாதை கெட்டால் கடைக்கோடிதான் முதலில் வாடும். அதனால்தான் கால் விரலும் கை விரல் நுனியும் முதலில் மரத்துப்போகின்றன. குடலின் நரம்புகளும் மந்தமாகின்றன.

இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. வலி காரணமில்லாமல் வரவில்லை, தண்டனையாகவும் வரவில்லை. அக்காவுக்கும் சொன்னேன். "அப்ப நான் ஒண்ணும் பாவம் பண்ணல" என்றாள். அவள் மனதில் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

ஊசியோடு சேர்த்துத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை ஓடும் ஐந்து நாளும் அவளுக்குத் தூக்கம் கிடையாது. நள்ளிரவில் சமையலறை டப்பாக்களை இறக்கித் துடைப்பாள். மாத்திரை நின்றதும் அப்படியே சாய்ந்துவிடுவாள். அந்த நாட்களில் காபி இரும்பாகக் கசக்கிறது என்பாள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். ஊறுகாய் ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது. கொத்துக்கொத்தாக முடி உதிர்ந்தபோது அழுதாள். பிறகு அழவில்லை.

*

டாக்டர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், ஒண்ணுமில்ல."

அன்று காலை தோட்டின் திருகாணியை அவளால் போட முடியவில்லை. விரல்களுக்கு நடுவே அது இருக்கிறதா விழுந்ததா என்றே தெரியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். அதற்கு முன்னால் ஒருநாள் காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் படியிறங்கி வந்திருக்கிறாள். நான் இரண்டையும் டாக்டரிடம் சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று. "சொன்னா மருந்தைக் குறைச்சிடுவாங்க. குறைச்சா நோய் திரும்பிடும்." இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. உயிரின் மேல் இருக்கிற ஆசை அது. மலம் போகாமல் வயிறு உப்பிக் கிடந்ததைச் சொல்லாததற்குக் காரணம் வேறு: கூச்சம். ஆண் டாக்டர், பக்கத்தில் பயிற்சி மாணவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகச் சொல்லியே நம் வீடுகளில் பெண்களை வளர்த்திருக்கிறோம்.

டாக்டர் கோபப்படவில்லை. அடுத்த தவணையில் வின்கிரிஸ்டினை மட்டும் குறைத்தார், மலமிளக்கியை முன்கூட்டியே எழுதினார். மற்ற மருந்துகள் அப்படியே தொடர்ந்தன.

*

நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் கீமோ எடுத்த 766 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவித்தார்கள். கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போகும். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் முடிவு வந்தது. தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. புது மருந்து ஏதும் இல்லை. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதத் தொடங்கியிருந்தாள்: "இடது கால், மூணு விரல், மரப்பு."

*

புனேயின் வார்ஜேயில் சிப்லாவின் வலிநிவாரணப் பராமரிப்பு மையம் 1997இலிருந்து நடக்கிறது. கட்டணமில்லை. வீட்டார் ஒருவர் நோயாளியோடு தங்கலாம். அதன் பேரைச் சொன்னாலே "அவ்வளவுதானா?" என்று முகம் வெளுப்பவர்களைப் பார்க்கிறேன். சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான இடம் இல்லை அது. சிகிச்சை நடக்கும்போதே வலிக்கும் வாந்திக்கும் மனச்சோர்வுக்கும் உதவி கேட்டுப் போகலாம். நோய் கண்ட அன்றே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

*

விரல் மரப்பு முழுதாகப் போக மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் தங்கியும் விடலாம். சிகிச்சை முடிந்த பிறகும் அதை எழுதிவைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது கீமோ நடந்தால், அவர் மருத்துவரிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது பக்கத்தில் இருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். வாசலில் பூத்திருக்கிறதே என்று நித்தியகல்யாணி இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கும் என்பதால் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.